முள்காட்டு மான் வேட்டைக்கு ஒற்றைத் தோட்டா ரைஃபிள்: எதை எடுப்பது, எப்படி அமைப்பது?

செட்ஸ்வர்த்_புதியவன்:
அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். நம் தென்னாப்பிரிக்காவின் துகேலா பள்ளத்தாக்கில் ஒரு பண்ணைக்காரர் இம்பாலா, புஷ்பக் மான்களைச் சுட எழுத்தில் அனுமதி தந்திருக்கிறார். முழுக்க முள்காடு. 70 மீட்டருக்கு மேல் கண் போகாது, பாதி நேரம் 30, 40 மீட்டர்தான். கைப்பிடியை முன்பின் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ரைஃபிள் வேண்டாம், நீளம் குறைந்த ஒற்றைத் தோட்டா ரைஃபிள் எடுக்கலாம் என்று இருக்கிறேன். எந்த வகைப் பூட்டு (தோட்டா அறையை அடைக்கும் அமைப்பு), எந்த காலிபர் (தோட்டா அளவு), ஸ்கோப்பா ரெட் டாட்டா (பெரிதாக்காமல் சிவப்புப் புள்ளி மட்டும் காட்டும் குறிக்கண்ணாடி), ஜீரோ, அதாவது குறியும் குண்டும் ஒன்றுசேரும் தூரம், 50 மீட்டரிலா 100-லா? புதருக்கு 45-70 மாதிரி கனத்த குண்டுதான் சரி, குச்சியைத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்கிறார்களே, அது உண்மையா?

லேடிஸ்மித்_7×57:
தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன். பணம் வீணாவது அதில்தான். குச்சியில் பட்டும் நேராகப் போகும் குண்டு எந்தக் காலிபரிலும் கிடையாது. கனமான, வேகம் குறைந்த குண்டும் திரும்பத்தான் செய்யும். கணக்கு எளிது: குச்சியில் பட்டு ஒரு டிகிரி திரும்பினால், அடுத்த 10 மீட்டரில் 17 சென்டிமீட்டர் விலகியிருக்கும். நெஞ்சைக் குறிவைத்தது வயிற்றில் போய் உட்காரும். அதே குச்சி மானுக்கு 2 மீட்டர் முன்னால் இருந்தால் விலகல் மூன்றரை சென்டிமீட்டர்தான். ஆக, மான் பக்கத்தில் இருக்கும் குச்சியைவிட உன் குழல் முனைக்குப் பக்கத்தில் இருக்கும் குச்சிதான் ஆபத்து. ஸ்கோப்பில் அது மங்கலாகக்கூடத் தெரியாது.

இதற்கு வழி காலிபரில் இல்லை, முழங்காலில் இருக்கிறது. முள்மரக் காட்டில் மானுக்கு எட்டும் உயரம்வரை இலையைத் தின்று தீர்த்திருக்கும். நின்று பார்த்தால் சுவர் மாதிரி அடைத்திருப்பது, முழங்காலிட்டுப் பார்த்தால் தண்டுகளுக்கு நடுவே சந்து சந்தாகத் திறந்திருக்கும். உண்ணிச்செடி மண்டிய இடத்தில் மட்டும் இது நடக்காது, அது தரையிலிருந்தே அடைக்கும். அங்கே வெட்டவெளி ஓரத்தில் உட்கார்ந்து காத்திருப்பதுதான் ஒரே வழி.

காலிபர்: கடையில் தோட்டா சுலபமாகக் கிடைப்பதை எடு. .308 வின்செஸ்டர், 7×57 மவுசர், .303 பிரிட்டிஷ், இந்த மூன்றும் இந்த நாட்டு வேட்டையில் காலங்காலமாகப் புழங்குகின்றன. 7×57 ஆங்கிலேய–போயர் போரின்போதே இங்கே பேரெடுத்தது. நெருங்கிய தூரத்துக்கு எனக்கு அதில் 160 அல்லது 175 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டுதான் பிடிக்கும். வேகம் நொடிக்கு 700 முதல் 770 மீட்டர். குண்டு ஒழுங்காக விரியும், தோள் சதை கூழாகாது. .308 என்றால் 165 அல்லது 180 கிரெய்ன். .30-30-இல் 170 கிரெய்ன் சுமார் 670 மீட்டர் வேகத்தில் போகும், 70 மீட்டருக்கு அது போதும்.

.243-ஐத் தவிர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 100 கிரெய்ன் குண்டு 900 மீட்டர் வேகத்தில் 30 மீட்டர் தூரத்து எலும்பில் பட்டால், சாதாரண ஈயக் குண்டு சிதறிவிடும். இறைச்சியில் பெரும்பங்கு ரத்தக்கட்டு. .243 எடுத்தால் ஈயமும் உறையும் ஒட்டவைத்த குண்டு, இல்லை முழுச் செம்புக் குண்டு போடு. 45-70 கொல்லாது என்றில்லை, 50 கிலோ இம்பாலாவுக்கு அது தேவையே இல்லை. 3 கிலோ ரைஃபிளில் அந்த உதை விழும்போது விரல் பயந்து விசையை வெட்டி இழுக்கும். ஒரே தோட்டாவை நம்பிப் போகிறவனுக்கு அதைவிடக் கெட்ட பழக்கம் வேறு இல்லை.

வெருலம்_பட்டறை:
பூட்டு பத்தி நான் சொல்றேன். ரெண்டு வகைதான் உங்களுக்கு. ஒண்ணு மடக்குத் துப்பாக்கி, கீல்ல மடிஞ்சு, தோட்டா போடற பின்வாய் திறக்கும். இன்னொண்ணு ஃபாலிங் பிளாக், லீவரை இறக்கினா ஒரு இரும்புக்கட்டை நேரா கீழ இறங்கும். ரூகர் நம்பர் 1 அந்த வகை, 1967-ல வந்தது. ஃபாலிங் பிளாக் பலம், அழுத்தம் அதிகமான தோட்டாவையும் தாங்கும், விலையும் அதுக்கேத்த மாதிரி. மடக்குத் துப்பாக்கி இலகுவா இருக்கும், ரெண்டு துண்டா கழட்டி வைக்கலாம், திறந்து கையில மடிச்சுப் போட்டா பத்து அடி தள்ளி நிக்கிறவனுக்கும் காலின்னு தெரியும். எந்த வகையா இருந்தாலும் அதே குழல் நீளத்துல போல்ட் ரைஃபிளைவிட ஏறக்குறைய 10 சென்டி குட்டையா வரும். 51-லேர்ந்து 56 சென்டி குழல் போதும். ஒரு அங்குலம் குறைஞ்சா நொடிக்கு 6 முதல் 9 மீட்டர் வேகம் போகும், 70 மீட்டர்ல அது கணக்கே இல்லை.

பழசு வாங்கினா இதைப் பாருங்க. குழலுக்கு அடியில கை பிடிக்கிற முன்கட்டையைக் கழட்டிட்டுத்தான் ஆட்டிப் பார்க்கணும். முன்கட்டை மாட்டியிருந்தா அதோட ஸ்பிரிங் இறுக்கம் கீல் தேய்மானத்தை மறைச்சிடும். கழட்டிட்டு, பூட்டிட்டு, குழலை ஒரு கையிலயும் பிடியை இன்னொரு கையிலயும் பிடிச்சு பக்கவாட்டுல ஆட்டுங்க. லொடக்குன்னா வேணாம். வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு பின்வாய்க்கும் பூட்டுமுகத்துக்கும் நடுவுல கோடு தெரியுதான்னு பாருங்க. முடிஞ்சா அந்த ரைஃபிள்ல சுட்ட காலித் தோட்டா ஒண்ணு கேட்டு வாங்குங்க. அடியில இருக்கிற, மருந்தைப் பத்தவைக்கிற கேப் பின்னாடி துருத்திட்டு நின்னாலோ, அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேல பளபளன்னு ஒரு வளையம் ஓடினாலோ தோட்டா அறையில இடைவெளி அதிகம். அடுத்தடுத்து சுடச்சுட பித்தளை அந்த வளையத்துல அறுந்துடும்.

விளிம்பு உள்ள தோட்டாவா, இல்லாததான்னு கேளுங்க. .30-30, .303, 7×57ஆர் இதுக்கெல்லாம் அடியில விளிம்பு உண்டு, காலித் தோட்டாவை வெளிய எடுக்கும் நகம் அதுல முழுசா பிடிக்கும். .308-க்கும் சாதா 7×57-க்கும் விளிம்பு கிடையாது, ஸ்பிரிங் வச்ச சின்ன நகம் பள்ளத்துல போய் பிடிக்கணும். அழுக்கு சேர்ந்தா நகம் வழுக்கிடும், காலித் தோட்டா உள்ளயே நிக்கும். மடக்குத் துப்பாக்கியில போல்ட் மாதிரி திருகி இழுக்கிற பலம் இல்லை. அதனால மருந்து தூக்கலா போட்ட தோட்டா இதுல ஒத்துக்கவே ஒத்துக்காது.

செட்ஸ்வர்த்_புதியவன்:
நன்றி அண்ணே. ஒரே பிடியில் இரண்டு குழல் மாற்றிப் போடும் வகையும் பார்த்தேன். மானுக்கு ஒன்று, டைக்கர் என்ற சின்ன மானுக்கு ஒன்று. அது லாபமா?

மாரிட்ஸ்பர்க்_மடக்கு:
அதில் ஒரு சட்ட விஷயம் இருக்கிறது, வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொள்ளுங்கள். 2000-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குழல் தனியாக இருந்தாலும் துப்பாக்கிதான். ஒவ்வொரு கூடுதல் குழலுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் இல்லாத குழல் பெட்டகத்தில் இருப்பதே குற்றம். முதல் துப்பாக்கிக்கு ஒரே குழல் போதும்.

சைலன்சருக்கு இங்கே லைசென்ஸ் தேவையில்லை. முள்காட்டில் நல்லதுதான், காதுக்கும், பக்கத்தில் நடக்கும் தடம் பார்ப்பவருக்கும். ஆனால் குட்டையான துப்பாக்கி வாங்கி அதன் முனையில் 20 சென்டி உருளையைத் திருகினால், குட்டையாக வாங்கிய பலன் போய்விடும். குழலின் மேல் பின்னோக்கி வந்து மூடும் வகையை எடுங்கள். மரையை லைசென்ஸ் உள்ள துப்பாக்கிப் பட்டறையில் மட்டும் போடுங்கள். துளைக்கு நேராக மரை இல்லாவிட்டால் குண்டு சைலன்சரின் உள் தட்டில் உரசும். மாட்டிய பின் கட்டாயம் மறுபடி ஜீரோ பார்க்க வேண்டும். மெல்லிய குழலில் அந்த எடை தொங்கும்போது குண்டு விழும் இடம் பல சென்டிமீட்டர் மாறும்.

பொங்கோலா_அக்கா:
இழுவிசையைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. காலிபரைவிட எனக்கு அதுதான் முக்கியம். விலை குறைந்த மடக்குத் துப்பாக்கிகள் பலவற்றில் விசையை இழுக்க 2 கிலோவுக்கு மேல் வேண்டியிருக்கும், ரைஃபிளின் எடையோ 3 கிலோதான். இழுக்கும்போதே முனை நகர்ந்துவிடும். மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசை விசையில் மாட்டி நேராகப் பின்னால் இழுத்து ஐந்து முறை பாருங்கள். 1.2 முதல் 1.6 கிலோவுக்குள், ஐந்து முறையும் ஏறக்குறைய ஒரே அளவு வந்தால் நல்லது. அதிகம் என்றால் பட்டறையில் கொடுங்கள். யூடியூப் பார்த்து அரத்தால் தேய்க்காதீர்கள். தோட்டாவை வெடிக்க வைக்க அடிக்கும் சுத்தியைப் பிடித்து நிறுத்தும் விளிம்பில் மேல்தோல் மட்டும்தான் கடினம். அதைத் தேய்த்துவிட்டால் ஒருநாள் தட்டினாலே வெடிக்கும்.

அடுத்தது தோளில் வைக்கும் கட்டையின் அளவு. கடையிலேயே செய்து பார்க்கலாம்: காட்டுக்குப் போடும் அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, ரைஃபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்து, அப்புறம் கண்ணைத் திறக்க வேண்டும். ஸ்கோப்பில் முழு வட்டமும் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தால் ஸ்கோப் முன்னாலோ பின்னாலோ நகர வேண்டும், இல்லையேல் கன்னப்பகுதி உயர வேண்டும். முள்காட்டில் மான் நின்று பார்ப்பது இரண்டு மூன்று நொடி. அதில் தலையை ஆட்டி வட்டம் தேடிக்கொண்டிருக்க முடியாது.

ஸ்கோப்பா ரெட் டாட்டா என்றால், 1 முதல் 4 மடங்கு பெரிதாக்கும் 1–4×24 ஸ்கோப் என்பேன். ரெட் டாட்டின் புள்ளி 2 எம்ஓஏ (எம்ஓஏ என்பது கோண அளவு, 100 மீட்டரில் சுமார் 3 சென்டி) என்றால் 50 மீட்டரில் 3 சென்டிமீட்டரை மறைக்கும், மானுக்கு அது பரவாயில்லை. ஆனால் குறுக்கே நிற்கும் விரல் பருமன் குச்சி ரெட் டாட்டில் கண்ணுக்கே வராது, 3× அல்லது 4×-இல் தெரியும். நடக்கும்போது 1.5-இல் வையுங்கள், உட்கார்ந்தால் 4-க்குத் திருப்புங்கள். கொம்பு இருக்கிறதா என்று பார்ப்பது பைனாகுலரின் வேலை. அடையாளம் தெரியாத ஒன்றின் மேல் ரைஃபிளைத் திருப்பக் கூடாது.

இன்னொன்று. தடம் பார்ப்பவர் சூலு மொழியில் ‘இம்பபாலா’ என்றால் அது புஷ்பக், இம்பாலா அல்ல. காதில் இரண்டும் ஒன்றாகவே விழும். புஷ்பக், இம்பாலா, நியாலா மூன்றிலும் பெட்டைக்குக் கொம்பில்லை. நிழலில் நியாலா பெட்டையையும் புஷ்பக் பெட்டையையும் மாற்றிப் பார்ப்பது சுலபம்.

டொங்காட்_கரும்பு:
அக்கா, ரெட் டாட்டை அவ்வளவு சீக்கிரம் ஒதுக்க வேண்டாம். கரும்புக் காட்டு ஓரத்தில், அந்தி மங்கலில், இரண்டு கண்ணும் திறந்தபடி சுடுவதற்கு அதுதான் வேகம். வெளிச்சத்தைக் குறைத்து வைக்க வேண்டும், அவ்வளவுதான். நிழலில் புள்ளி கூர்மையாகத் தெரியும் அளவுக்கு மட்டும். அதிகம் வைத்தால் புள்ளி பூத்து மானின் தோள் முழுக்க மூடிவிடும்.

பொங்கோலா_அக்கா:
கரும்பு ஓரம் என்றால் ஒத்துக்கொள்கிறேன், அங்கே குறுக்கே எதுவும் இல்லை. தம்பி கேட்டது துகேலா முள்காடு.

வெருலம்_பட்டறை:
ஸ்கோப் மாட்டுறதுல மடக்குத் துப்பாக்கிக்குன்னு சில சங்கதி இருக்கு. தளம் குழல் மேலயே உக்காரும். திருகு ஓட்டையை ஸ்பிரிட்ல துடைச்சு எண்ணெய் போக்கிட்டு, நீல நிற லாக் திரவம் ஒரு சொட்டு, அப்புறம் தளத் திருகுக்கு 2.5 நியூட்டன் மீட்டர், வளையத் திருகுக்கு 2 நியூட்டன் மீட்டர். நாலு வளையத் திருகையும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க, ரெண்டு பக்கமும் இடைவெளி சமமா நிக்கணும். அடிக்கிற சுத்தியல் வெளிய தெரியற ரகம்னா, அதைப் பின்னாடி இழுக்க ஸ்கோப்புக்கு அடியில கட்டைவிரல் போகாது. சுத்தியல்ல பக்கவாட்டுல மாட்டுற நீட்டிப்பு ஒண்ணு வரும், அதைப் போடுங்க. ஆனா அந்த சின்னத் திருகு சுடச்சுட தளரும், அதுக்கும் லாக் திரவம் வேணும்.

முன்கட்டைதான் குண்டு அலையறதுக்கு முதல் காரணம். விலை குறைஞ்ச ரகத்துல அது ஒரே திருகுல குழல் அடியில தொங்குது. மழையில மரம் ஊதினா அழுத்தம் மாறும், திருகை கால் சுத்து கூட இறுக்கினாலும் மாறும். அந்தத் திருகு ஏறுற முளையைச் சுத்தி 3 மில்லி பருமன் ரப்பர் வளையம் ஒண்ணு வச்சு மாட்டுங்க. மரம் குழலை வேற எங்கயும் தொடாம நிக்கும். திருகை எப்பவும் ஒரே இறுக்கத்துல வைங்க, திருகு தலைக்கும் கட்டைக்கும் ஒரு கோடு பெயிண்ட் போட்டு வச்சா நகர்ந்தது தெரியும். ஒண்ணு கவனிங்க: கீலை அழுத்திப் பிடிக்கிற இரும்போட வர்ற முன்கட்டைக்கு இதைச் செய்யாதீங்க. அங்க அந்த இறுக்கம்தான் பூட்டையே பிடிச்சு வச்சிருக்கு.

லேடிஸ்மித்_7×57:
இப்போது ஜீரோ. மடக்குத் துப்பாக்கியில் ஒரு வசதி, ஸ்கோப்பும் குழலும் ஒரே துண்டு. திறந்து, காலி என்று பார்த்து, மணல்பையில் அசையாமல் வைத்துப் பின்வாய் வழியாகத் துளைக்குள் பார். 25 மீட்டரில் ஒரு கறுப்பு வட்டத்தைத் துளையின் நடுவில் கொண்டுவந்து, ரைஃபிள் நகராமல் ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டையும் அதே வட்டத்துக்குத் திருப்பு. முதல் குண்டே தாளில் விழும். 25-இல் சரிசெய்துகொண்டு 50-க்குப் போ.

கால் எம்ஓஏ கிளிக் என்றால் 100 மீட்டரில் 7 மில்லிமீட்டர், 50-இல் மூன்றரை, 25-இல் இரண்டுகூட இல்லை. 25 மீட்டரில் 5 சென்டி தள்ளி விழுந்தால் 28 கிளிக் திருப்ப வேண்டும். பலர் நாலு கிளிக் திருப்பிவிட்டு ஸ்கோப் கெட்டுவிட்டது என்பார்கள்.

50-ஆ 100-ஆ என்றால், ஸ்கோப்பின் நடு குழலின் நடுவுக்கு 4 சென்டி மேலே இருப்பதாக வைத்துக்கொள். .308-ஐ 100-இல் ஜீரோ செய்தால் 50-இலும் கிட்டத்தட்ட அதே புள்ளி, 25-இல் ஒன்றரை சென்டி கீழே. .30-30-ஐ 100-இல் வைத்தால் 50-இல் ஒன்றரை சென்டி மேலே, 50-இல் வைத்தால் 100-இல் 3 சென்டி கீழே. உன் 70 மீட்டருக்குள் எதை வைத்தாலும் 2 சென்டி வித்தியாசம்தான். ஆக 50-இல் வை, அங்கே காற்றும் கைநடுக்கமும் குறைவாகக் குழப்பும். 10 மீட்டரில் குண்டு கோட்டுக்குக் கிட்டத்தட்ட மூன்று சென்டி கீழே போகும் என்பதை மட்டும் மனதில் வை.

மெல்லிய குழல் மூன்று தோட்டாவிலேயே சூடேறும். மூன்று சுட்டால் திறந்து வைத்துப் பத்து நிமிடம் ஆறவிடு. காட்டில் பறப்பது ஆறிய குழலின் முதல் குண்டு மட்டுமே, அதனால் கடைசிச் சோதனை இப்படி இருக்கட்டும்: வேறு வேறு மூன்று நாள், நாளுக்கு ஒரே குண்டு, ஒரே தாள். மூன்றும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கினால் ரைஃபிள் தயார். மணல்பையை முன்கட்டையின் பின்பாதியில், கீலுக்குப் பக்கத்தில் வை. குழலை நேராகப் பையில் வைத்தால் குண்டு மேலே ஏறும். தாங்கு கம்பில் வைத்துச் சுடும்போதும் அதே இடம்தான்.

செட்ஸ்வர்த்_புதியவன்:
இரண்டாவது தோட்டா சீக்கிரம் போட என்ன வழி?

பொங்கோலா_அக்கா:
இடது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் ஒரு தோட்டா, அடிப்பக்கம் உள்ளங்கையைப் பார்க்காமல் வெளியே. அந்தக் கையால்தான் முன்கட்டையையும் பிடிக்கிறீர்கள். சுட்டதும் கண்ணை மானிடமிருந்து எடுக்காமல், வலது கட்டைவிரலால் பூட்டைத் தள்ளி, குழலை மடித்து, வலது கையால் அந்தத் தோட்டாவை எடுத்துப் போட்டு மூட வேண்டும். இதைப் பொய்த்தோட்டா வைத்து வீட்டில் தினம் இருபது முறை. மூன்று வாரத்தில் நான்கைந்து நொடிக்கு வந்துவிடும். காலித் தோட்டாவை வெளியே வீசும் வகையாக இருந்தால் நல்லது. வெறுமனே தூக்கி மட்டும் விடும் வகையானால் பிடுங்கும் பழக்கமும் சேர்த்துப் பயில வேண்டும்.

கட்டையில் தோட்டா செருகும் தோல் பட்டை மாட்டினால், வலக்கைக்காரருக்கு வலது பக்கம், கன்னம் படாத பக்கம். வேட்டை முடிந்ததும் தோட்டாவைத் தோலிலிருந்து எடுத்துவிடுங்கள். தோலிலேயே விட்டால் பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அந்தக் களிம்புள்ள தோட்டா அறைக்குள் ஒட்டிக்கொண்டு வராது. நைலான் பட்டையில் இந்தத் தொல்லை இல்லை.

வெருலம்_பட்டறை:
அக்கா சொன்னதோட இதையும் சேர்த்துக்கங்க. கடலோரக் காத்துக்கு நாம எல்லாரும் எண்ணெய் ஊத்துற ஆளுங்க. குழலுக்குள்ள ஊத்துங்க, ஆனா சுடறதுக்கு முன்னாடி குழலையும் தோட்டா அறையையும் உலர்ந்த துணியால துடைச்சே ஆகணும். அறை காய்ஞ்சிருந்தா பித்தளை சுவரைப் பிடிச்சு நிக்கும். எண்ணெயோ மழைத் தண்ணியோ இருந்தா அது வழுக்கி முழு உதையும் பூட்டுமுகத்துல இறங்கும். மடக்குத் துப்பாக்கி கீல் லொடலொடன்னு ஆகறதுக்குப் பாதி காரணம் அதுதான். மூணு துண்டா திருகுற பித்தளைக் கம்பி ஒண்ணு பையில இருக்கட்டும், மாட்டிக்கிட்ட காலித் தோட்டாவை முனைப் பக்கமிருந்து தட்டி எடுக்க.

மாரிட்ஸ்பர்க்_மடக்கு:
வெளியே சுத்தி உள்ள ரைஃபிளில் விபத்து நடப்பது சுடும்போது அல்ல, சுடாமல் சுத்தியை இறக்கும்போது. மான் போய்விட்டது, கை வியர்த்திருக்கிறது, கட்டைவிரல் வழுக்குகிறது. ஆகவே முதலில் திறங்கள், தோட்டாவை வெளியே எடுங்கள், அப்புறம் சுத்தியை இறக்குங்கள். ஏற்றிய அறையின் மேல் இறக்காதீர்கள். சுத்தி ஏறியிருக்கும்போது திறக்க முடியாத ரகமாக இருந்தால் மட்டும், முனையைப் பாதுகாப்பான மண்மேட்டுக்குத் திருப்பிக்கொண்டே இறக்குங்கள். வேலி தாண்டும்போது, ஓடை இறங்கும்போது, வண்டியில் ஏறும்போது, மடக்கித் தோட்டா வெளியே.

சுட்ட பிறகு ஒரு விஷயம். காயம்பட்ட புஷ்பக் கிடா ஓடி ஒளிந்தாலும், நெருங்கினால் பாயக்கூடும். அதன் கொம்பு மனிதரையும் நாயையும் கொன்றிருக்கிறது. பக்கவாட்டில் நின்றால் முன்காலின் பின்கோட்டில், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வையுங்கள். நேர் எதிரே தலை நீட்டிப் பார்த்தால் சுடாதீர்கள். குண்டு பட்டபோது மான் நின்ற இடத்தில் டேப் கட்டி அரை மணி நேரம் காத்திருங்கள். ரத்தம் இளஞ்சிவப்பாய் நுரைத்திருந்தால் நுரையீரல், பக்கத்திலேயே கிடக்கும். கறுஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் ஒரு மணி நேரம். பச்சையாய், நாற்றத்தோடு இருந்தால் வயிறு. மூன்று நான்கு மணி நேரம் விட்டு, கயிற்றில் கட்டிய நாயோடு போங்கள். கிடப்பதைப் பார்த்தாலும் முதுகுப் பக்கமாக நெருங்கி, ரைஃபிள் ஏற்றியபடி, நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள்.

செட்ஸ்வர்த்_புதியவன்:
எல்லாருக்கும் நன்றி. .308 மடக்கு, 1–4 ஸ்கோப் என்று முடிவு செய்துவிட்டேன். கடைசியாக ஒன்று: தோட்டா எத்தனை வாங்கட்டும்?

லேடிஸ்மித்_7×57:
ஒரே லாட் எண் (ஒரே தொகுப்பில் தயாரானது) உள்ள 20 தோட்டாப் பெட்டி மூன்று. ஒரு பெட்டி ஜீரோவுக்கு, ஒன்று முழங்காலிட்டும் தாங்கு கம்பிலும் 30 முதல் 70 மீட்டர் வரை பயில, மூன்றாவது காட்டுக்கு. லாட் மாறினால் திரும்ப மூன்று குண்டு சுட்டுப் பார். சாதாரண வேட்டை லைசென்ஸில் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டாவுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, ஆகையால் மலிவாகக் கிடைக்கிறதென்று பத்துப் பன்னிரண்டு பெட்டி அள்ளிக்கொண்டு வந்துவிடாதே.